பேணுவோரைப் பேணுவோம்



முதியோரைப் பேணுதல் மக்களின் கடன் என்று மேடைதோறும் பேசுகின்றோம். அக்கடனைச் செய்பவரைப் பேணுவது யார் என்று கேட்பதில்லை. இன்று அதனையே சிந்திக்க விரும்புகின்றோம்.

ஒரு வீட்டில் ஆச்சி சோறுண்ட சிறிது நேரத்தில், "எனக்கு ஒருவரும் சோறு தரவில்லை" என்று அயலாரிடம் முறையிடுகின்றார். பெற்ற மகளைப் பார்த்து, "நீ ஆர் பிள்ளை?" என்கின்றார். அந்தி சாய்ந்ததும், "வீட்டுக்குப் போகவேணும்" என்று தம் வீட்டுப் படலையையே திறக்கின்றார். இதனை வயதின் கோளாறு என்பர் சிலர். பைத்தியம் என்பர் சிலர். செய்வினை என்பாரும் உளர். யாவும் தவறு. இது மூளையைப் பற்றும் நோய். வைத்தியர்கள் டிமென்சியா என்பர். 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் அலோயிஸ் அல்ஸைமர் எடுத்துரைத்த நோயே இதற்குப் பெருவாரியான காரணம். 2021இல் உலகில் ஏறக்குறைய 5 கோடியே 70 இலட்சம் பேர் டிமென்சியாவுடன் வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

ஆகையால் முதலிற் செல்லவேண்டிய இடம் வைத்தியசாலை. தைரொயிட் சுரப்பிக் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியனவும் மறதியைத் தரும். அவற்றுக்குப் பரிகாரம் உண்டு. அல்ஸைமர் நோயை முற்றாக மாற்றும் மருந்து இன்னும் இல்லை. எனினும் காலத்தோடு அறிந்துகொண்டால், காணி, வங்கிக் கணக்கு முதலியன பற்றி நோயாளரின் விருப்பத்தை அவர் தெளிவாயிருக்கும்போதே கேட்டு ஒழுங்கு செய்யலாம்.

இனிப் பேணுபவரை நோக்குவோம். பெரும்பாலும் அவர் மனைவி, மகள் அல்லது மருமகள். இப்பராமரிப்பு நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கு பெண்களுடையது என்று மேற்சொன்ன நிறுவனமே கூறுகின்றது. நம் ஊர்களிற் சகோதரர்கள் கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் இருப்பர். மாதந்தோறும் பணம் வரும். இரவு இரண்டு மணிக்கு ஆச்சி எழுந்து நடக்கும்போது அப்பணம் உடன் எழுந்து நடக்குமா? மகள் உறக்கமிழக்கின்றாள், கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போவதை விடுகின்றாள், ஒரு நாள் பொறுமையிழந்து தாயை ஏசிவிட்டுத் தனியே இருந்து அழுகின்றாள். அவள் அன்பற்றவள் அல்லள், களைத்தவள். துணை கேட்டால் பாசம் குறைந்தவள் என்பார்களே என்றஞ்சி வாய் திறவாதிருக்கின்றாள்.

துணை எங்கே உண்டு? அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் ஆலோசனை கேட்கலாம். கொழும்பில் 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற லங்கா அல்ஸைமர்ஸ் பவுண்டேஷன், நோயாளருக்குப் பகற்பொழுதிற் செயற்பாடுகளையும் குடும்பத்தாருக்கு ஆலோசனையையும் வழங்கிவருகின்றது. ஆயினும் ஊரிலுள்ள குடும்பத்துக்குக் கொழும்பு தொலைவு. அண்மையிலுள்ள துணை நாமே.

யப்பானியர் இதற்கு வழி காட்டினர். 2004இல் அந்நோய்க்கு வழங்கிவந்த இழிவான பெயரை மாற்றினர். 2005 முதல், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பாடமொன்றை நடத்திப் பொதுமக்களைத் துணைவராக்கினர். கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் என ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அப்பாடத்தைக் கேட்டுள்ளனர். அவர்கள் வைத்தியர்கள் அல்லர். விஷயம் அறிந்த அயலவர்கள்.

வாலிபர்களே, இது நம்மாலும் இயலும். வாரம் ஒரு மாலை இருவர் அவ்வீட்டுக்குச் சென்று மூன்று மணி நேரம் இருக்கலாம். எப்பொழுதும் அவ்விருவரே செல்லவேண்டும். புதுமுகங்கள் நோயாளரைக் கலங்கச் செய்யும். குடும்பத்தாரின் சம்மதத்தோடு, சந்திக் கடைக்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் விஷயத்தைச் சொல்லிவைத்தால், வழிதவறும் முதியவர் விரைவில் வீடு சேர்வார். ஆச்சி "வீட்டுக்குப் போகவேணும்" என்றால், "இதுதானே வீடு" என்று வாதாடாமல், "உங்கள் வீட்டு முற்றத்தில் என்ன மரம் நின்றது?" என்று கேட்கப் பழகுவோம். தேர்த் திருவிழாவன்று அந்த மகள் தேர் பார்க்கட்டும். ஆச்சியோடு நாம் இருப்போம். தூரதேசத்திலுள்ள சகோதரர்களே, பணத்தோடு உங்கள் விடுமுறையில் ஒரு பகுதியையும் அவளுக்குத் தாருங்கள்.

"உதவி வேண்டுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்ற மறுமொழியே வரும். "செவ்வாய் மாலை நாலு மணிக்கு வருகின்றோம், நீங்கள் சற்று உறங்குங்கள்" என்று சொல்வோமாக, சொன்னபடி செல்வோமாக.