மறைந்திருக்கும் வெடிமருந்தைத் தட்டிக் கேட்கும் கருவி



பலாப்பழத்தை அறுக்காமலே அது பழுத்துவிட்டதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். விரலால் தட்டுவார்கள், எழும் ஓசையைக் காது கொடுத்துக் கேட்பார்கள். காய்க்கு ஓர் ஓசை, பழத்துக்கு வேறோர் ஓசை. இன்று நாம் அறிந்துகொள்ளப் போகும் விஞ்ஞானக் கருவியும் இப்படித் தட்டிக் கேட்கும் கருவிதான். அது தேடுவது வெடிமருந்தை.

இதற்கு என்ன அவசியம் வந்தது? 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகருக்கு மேலே ஒரு பயணிகள் விமானம் வெடித்துச் சிதறியது. வானிலும் தரையிலுமாக 270 பேர் மாண்டனர். வெடிமருந்து, பெட்டிக்குள் ஒரு வானொலி ஒலிப்பதிவுக் கருவியில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. நமக்கு அண்டை நாடான கம்போடியாவிலோ, போர் ஓய்ந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் வயலுக்குப் போனவர்கள் கண்ணிவெடியில் காலை இழந்தார்கள். அங்கே அவற்றைத் தோண்டி எடுக்கும் வேலை இன்றும் நடக்கிறது.

கண்ணிவெடியைத் தேட உலோகம் காட்டும் கருவி உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் பல கண்ணிவெடிகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. உள்ளே சிறு ஊசியளவு உலோகமே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கருவியைக் கூர்மையாக்கினால், மண்ணில் கிடக்கும் ஆணி, தகரத் துண்டு எல்லாவற்றுக்கும் அது கூவும். ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு மனிதர் மண்டியிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மண்ணைக் கிளற வேண்டும். ஆகவே உலோகத்தைத் தேடாமல் வெடிமருந்தையே தேட வழி உண்டா என்று விஞ்ஞானிகள் சிந்தித்தனர்.

பெரும்பாலான இராணுவ வெடிமருந்துகளில் நைட்ரஜன் இருக்கிறது. நைட்ரஜன் அணுவின் கரு முழு உருண்டை அன்று; சற்றே நீண்ட வடிவம் உடையது. ஆகையால் சுற்றியுள்ள மின்னேற்றங்கள் அதைக் குறிப்பிட்ட நிலைகளில் நிறுத்தி வைக்கின்றன. சரியான அதிர்வெண் கொண்ட வானொலி அலையைச் செலுத்தினால் அந்தக் கரு நிலை மாறும். ஊஞ்சலை அதன் வேகத்துக்கு ஏற்பத் தள்ளினால்தானே அது உயர எழும்? அதுபோலத்தான். அலையை நிறுத்தியதும் கரு மிக மெல்லிய வானொலிக் குறிப்பு ஒன்றைத் திருப்பி அனுப்பும். இதற்கு நான்முனை ஒத்ததிர்வு என்று பெயர். ஹான்ஸ் டெமெல்ட், ஹூபர்ட் குரூகர் என்னும் இருவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் இதைக் கண்டு, 1950-இல் உலகுக்கு அறிவித்தனர். மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. கருவிக்கு வேண்டிய பெரிய காந்தம் இதற்குத் தேவையில்லை.

இங்கே ஒரு ஐயம் எழலாம். செம்பனைக்கும் பால்மரத்துக்கும் நாம் போடும் உரத்திலும் நைட்ரஜன் இருக்கிறதே, உர மூட்டையைக் கண்டும் கருவி கூவாதா? கூவாது. பொருளுக்குப் பொருள் அதிர்வெண் மாறும். ஆர்.டி.எக்ஸ். என்னும் வெடிமருந்து வினாடிக்கு ஏறத்தாழ 34 இலட்சம் அதிர்வுகளில் பதில் சொல்லும், டி.என்.டி. 8 இலட்சத்து 42 ஆயிரத்தை ஒட்டிப் பதில் சொல்லும். வானொலியில் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி இடம் இருப்பது போல இது.

ஆனால் இக்கருவிக்கும் எல்லை உண்டு. டி.என்.டி.யின் குறிப்பு, பழைய வானொலிப் பெட்டிகளில் மத்திய அலை என்று எழுதியிருந்த பகுதியிலேயே விழுகிறது. பாட்டும் செய்தியும் ஒலிபரப்பும் நிலையத்தின் பேரொலியில் அந்த மெல்லிய குரல் அமுங்கிவிடும். மேலும், ஒரு முறை தட்டிய பின் டி.என்.டி.யின் கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பச் சில வினாடிகள் ஆகும். பலமுறை தட்டித்தான் உறுதி செய்ய முடியும். அதனால் வேலை தாமதப்படும். திரவமான வெடிமருந்து இதற்கு அகப்படாது. இரும்புக் கூட்டுக்குள் வானொலி அலை நுழையாது. எனவே உலோகம் காட்டும் கருவி சந்தேகப்பட்ட இடத்தை மீண்டும் சோதிக்கும் இரண்டாவது சாட்சியாக இருக்கவே இது ஏற்றது.

கருவி எவ்வளவு வளர்ந்தாலும் புதைக்காமல் இருப்பதே மேல். ஆட்களைக் குறிவைக்கும் கண்ணிவெடிகளைத் தடை செய்யும் உடன்படிக்கையில் நம் மலேசியா 1997-இல் கையொப்பமிட்டது. தன்னிடம் இருந்தவற்றை 2001-இல் அழித்தது.

நேயர்களே, இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் குண்டுகள் நம் நாட்டில் மண்ணைத் தோண்டும்போது இன்றும் அகப்படுகின்றன. கால்வாய் வெட்டும் இடத்திலோ ஆற்றோரத்திலோ துருப்பிடித்த இரும்புக் குண்டு போன்ற பொருளைக் கண்டால் தொடாதீர்கள், தட்டாதீர்கள், பழைய இரும்புக்கு விற்கலாம் என்று வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். பிள்ளைகளை அப்பால் அழைத்துச் சென்று, போலீசுக்குச் சொல்லுங்கள். பழையதானாலும் வெடிமருந்து வெடிமருந்தே என்பதை இன்றிரவே உங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.