மூளையின் மின் அலைகள்
(தார்நாகாவில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



யாம் மருத்துவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர். ஆயினும் ஈ.ஈ.ஜி. எனப்படும் மூளை மின் அலைச் சோதனையைப் பற்றிப் பேச எமக்கு ஓர் உரிமை உண்டு. எம் மகனுக்கு அச்சோதனை இருமுறை நடந்தது. முதன்முறை யாம் பெரும்பிழை ஒன்றும் செய்தோம்.

அவனுக்கு அப்போது வயது பன்னிரண்டு. ஒருநாள் விடியற்காலையில் கைகால் வெட்டி இழுக்க, வாயில் நுரை தள்ள, நினைவிழந்து கிடந்தான். வீட்டார் இரும்புச் சாவியைத் தேடி ஓடினர். வலிப்பு பெரும்பாலும் இரண்டொரு நிமிடத்தில் தானே அடங்குகிறது. பெருமை சாவிக்குப் போய்ச் சேர்கிறது! ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கலாகாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இங்கே மொழியாலும் ஒரு குழப்பம் நேர்ந்தது. தெலுங்கர் வலிப்பு நோயை 'மூர்ச்ச' என்பர். நமக்கோ மூர்ச்சை என்றால் வெறும் மயக்கம். செவிலியர் அச்சொல்லைச் சொன்னதும், "மயக்கந்தானாம்" என்று எம் மனைவியார் ஆறுதல் கொண்டார். பின்னர் ஈ.ஈ.ஜி. என்றதும், "பிள்ளை தலையில் கரண்டு வைக்கப் போகிறார்களா?" என்று அழுதார்.

அன்பர்களே, அக்கருவி மூளைக்கு மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை. மூளையில் எழுவதைக் கேட்கிறது, அவ்வளவே. தலைத்தோலில் கிடைக்கும் அம்மின்னழுத்தம் பெரும்பாலும் 100 மைக்ரோவோல்ட்டுக்குள் அடங்கும். டார்ச் விளக்கில் இடும் ஒரு பேட்டரியின் அழுத்தம் அதைப்போல் 15,000 மடங்கு. ஜெர்மனியின் ஜேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதரிடத்து இவ்வலைகளை முதன்முதல் பதிவு செய்து, 1929இல் உலகுக்கு அறிவித்தார்.

சோதனைக்கு முதல்நாள் ஷாம்பு இட்டுத் தலை முழுகவேண்டும். எண்ணெய் வைக்கலாகாது, பூவும் கொண்டை ஊசியும் வேண்டா. எண்ணெய் வையாத தலையோடு பேரனை வெளியே அனுப்ப எம் தாயார் இசையவே இல்லை! பட்டினி கிடக்க வேண்டியதில்லை, உண்டே செல்லலாம். வழக்கமான மாத்திரையை மருத்துவர் சொன்னாலன்றி நிறுத்தலாகாது. அங்கே உறங்குதல் வேண்டுமென்பதால் இரவில் குறைவாகத் தூங்கி வரச் சொல்வர். நள்ளிரவுக்கு மேலும் யாம் மகனோடு பரமபதம் ஆடினோம். மும்முறை பாம்பில் இறங்கியவர் யாமே.

அறையில் நாடாவால் தலையை அளந்து, குறியிட்டு, இருபதுக்குச் சற்று முன்பின்னான சிறு உலோக வில்லைகளைப் பசையால் ஒட்டுவர். மயிரை மழிப்பதில்லை, ஊசியும் இல்லை. கண்ணைத் திற, மூடு என்பர். மூன்று நிமிடம் ஆழ மூச்சு வாங்கச் சொல்வர். விளக்கொன்றை விட்டுவிட்டு மின்னச் செய்வர். இவற்றால் சிலருக்கு வலிப்பு வருதலும் கூடும். அதற்கென்றே பயின்றவர் அருகிருப்பார். இதயநோய் உடையோர் முன்னதாகவே அதைச் சொல்லிவிடுதல் நன்று. பதிவு அரைமணி, எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்.

இனி எம் பிழை. அறிக்கையில் 'இயல்பானது' என்றிருந்தது. இனிப்பு வழங்கினோம். மாத்திரையையும் யாமே நிறுத்தினோம். நான்காம் வாரத்தில், சென்னை செல்லும் சார்மினார் விரைவு வண்டியில், நள்ளிரவில் மீண்டும் வலிப்புக் கண்டது. அவன் தாயார் மடியில் தாங்கியிராவிடில் கீழே விழுந்திருப்பான்.

ஒரு நிலையத்து மேடையில் அரைமணி நின்றும் வண்டி வரவில்லையெனில், அத்தடத்தில் வண்டியே ஓடுவதில்லை எனலாமா? இத்தனை ஆண்டு இரயில்வேயில் இருந்தும் எமக்கு இது தோன்றவில்லை. வலிப்புடையோரிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு முதற்பதிவு இயல்பாகவே வரக்கூடும் என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். உறக்கத்தில் எடுத்த இரண்டாம் பதிவில் கூரிய அலைகள் தென்பட்டன. அதனினும் அவருக்கு உதவியது, எம் மைத்துனர் வண்டியில் கைப்பேசியில் எடுத்த படமே. வலிப்பு எப்படித் தொடங்கியது, எந்தக் கை முதலில் இழுத்தது என்பதைக் கண்டவர் சொல்லாவிடில் பதிவு மட்டும் போதாது.

செலவு பற்றிக் கேட்பீர்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம் அல்லது மிகக் குறைவு. தனியார் இடங்களில் பொதுவாக ஆயிரம் முதல் மூவாயிரம் ரூபாய் வரை ஆகலாம். பல மணிநேரம் நிழற்படத்தோடு எடுப்பதற்குப் பன்மடங்காகும், முன்னதாகவே கேட்டறிக. இரயில்வே மருத்துவ அட்டை உடையோர் முதலில் நம் லாலாகுடா மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். வெளியே அனுப்புவதானால் அவர்களே கடிதம் தருவர். அவசரமின்றித் தாமே வெளியிற் சென்றால் பணம் திரும்பப் பெறுதல் அரிது. யாம் முதன்முறை வெளியே சென்று கைப்பணம் கொடுத்தது, அலுவலகத்தார் அறியலாகாதென்ற வெட்கத்தால்.

அவ்வெட்கம் எமக்கு மட்டுமன்று. பெண்மக்களைப் பெற்றோர் இன்னும் அஞ்சுகின்றனர். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999இல் திருத்தச் சட்டம் அதை நீக்கிற்று. நம் குடியிருப்பின் மாடிப்படிப் பேச்சில் அது இன்னும் நீங்கவில்லை.

மகனுக்கு இப்போது வயது பதினைந்து. இரண்டாண்டாக வலிப்பில்லை, இரவு மாத்திரை தவறுவதில்லை. அதைக் குறைப்பதா என முடிவுசெய்யுமுன் மூன்றாம் பதிவு தை மாதத்தில் எடுக்க இருக்கிறார்கள். பிள்ளைக்கு இச்சோதனை எழுதப்பட்டோர் எவரேனும் இருப்பின், மாலை ஆறு மணிக்கு மேல் எம் இல்லம் வருக. அவனே தன் வாயால் எல்லாம் சொல்லுவான். பரமபதக் கதையையும் சேர்த்தே சொல்லுவான்.