சென்னையின் நான்கு கலங்கரை விளக்கங்கள்



சென்னையில் கலங்கரை விளக்கம் என்றதும் மெரினாவின் தென்கோடியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டி நிற்கும் கோபுரம்தான் நம் நினைவுக்கு வரும். அது இந்த நகரத்தின் நான்காவது விளக்கம். முந்தைய மூன்றும் இடிபடவில்லை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில் இரண்டுமாக இன்றும் இருக்கின்றன. 1796இல் தொடங்கிய ஒரு தொழிலின் நான்கு கட்டங்களும் ஒரே கடற்கரையை ஒட்டி எஞ்சியிருப்பது பெரும் பேறு. ஆனால் நாம் காத்து வைத்திருப்பது பெரும்பாலும் சுவர்களைத்தான். அந்தச் சுவர்களுக்குள் இரவெல்லாம் நடந்த வேலையைக் கைநழுவ விட்டுவருகிறோம். இன்று நான் பேச விரும்புவது அந்த வேலையைப் பற்றி.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1870களில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கும் வரை கப்பல்கள் கரையிலிருந்து தள்ளித் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டன. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிச் சென்று ஆட்களையும் சரக்கையும் இறக்கி வந்தன. கடலோரம் முழுக்கத் தட்டை நிலம். இருட்டில் வருகிற மாலுமிக்குக் கரை இன்னும் எவ்வளவு தூரம் என்று காட்ட ஒரு மேடும் இல்லை. வடக்கே மணல்திட்டுகள் வேறு.

தொண்டை நாட்டுக் கரையில் விளக்கேற்றுவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த வழக்கமன்று. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் நீர்ப்பெயற்றுத் துறையின் உயர்ந்த மாடத்தைக் காட்டுகிறார். ஏறுவதற்கு அரிய அந்த உச்சிக்கு ஏணி சாத்தியிருக்கிறது. இரவில் அங்கே ஏற்றிய சுடர் கடலில் ஓடும் கலங்களைத் துறைக்கு அழைக்கிறது. அந்த ஏணியை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். எரிபொருளைச் சுமந்துகொண்டு நாள்தோறும் ஒருவர் அதில் ஏறியிருக்கிறார் என்பதைப் புலவர் மறக்கவில்லை.

1796இல் கோட்டைக்குள் இருந்த எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் மேல்தளத்தில் தேங்காயெண்ணெய் விளக்குகளை ஏற்றினார்கள். அதுதான் நகரத்தின் முதல் விளக்கம். இன்றைய கோட்டை அருங்காட்சியகம் அந்தக் கட்டடமே. உள்ளே போய் நாணயங்களையும் ஓவியங்களையும் பார்த்துத் திரும்புகிறவர்களில் எத்தனை பேர் அதன் கூரையை நிமிர்ந்து பார்க்கிறார்கள்?

இரண்டாவது விளக்கம் 1844ஆம் ஆண்டு முதல் நாள் எரியத் தொடங்கியது. உயர் நீதிமன்ற வளாகத்தில், பாரிமுனைப் பக்கம், டோரிக் பாணியில் ஏறத்தாழ 125 அடி உயரத்தில் நிற்கும் கருங்கல் தூண் அது. அதைக் கட்டியவர் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஜே.டி. ஸ்மித். இவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் காரையும் சிமெண்டும் குறித்து விக்கா என்ற பிரெஞ்சுப் பொறியாளர் எழுதிய நூலை 1837இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் இவர்தான். ஈரக்காற்று வீசும் கரையில் சுண்ணாம்பு எப்படி இறுகும், எதைச் சேர்த்தால் நீரைத் தாங்கும் என்று நுணுகி ஆராய்ந்த ஒருவர் எழுப்பிய தூண், நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நிற்கிறது.

பழுது பார்ப்பவர்களுக்கு இது வெறும் வரலாற்றுச் செய்தியாக இருந்துவிடக் கூடாது. சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். சுவருக்குள் புகுந்த ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். அதன்மேல் இன்றைய சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். கடற்காற்று கொண்டுவந்த உப்பு அங்கே படிகமாகிக் கல்லின் முகத்தைச் செதில் செதிலாக உரிக்கும். அவசரமாகச் சிமெண்ட் பூசிய பழைய கட்டடங்கள் நம் கடலோர ஊர்களில் ஏராளம். அக்கறையோடுதான் பூசியிருப்பார்கள். ஆனால் அந்தப் பூச்சே கட்டடத்தை அரிக்கிறது. இந்தத் தூணைத் தொடும் கொத்தனார் சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்துக் குழைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அத்தகையவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள்.

தூணின் உச்சியில் எரிந்தவை ஆர்கண்ட் விளக்குகள். வளையமான திரியின் உள்ளும் புறமும் காற்று ஏறிச் சுடரை வெளிச்சமாக்கும். பின்னால் வைத்த உலோகக் குழியாடிகள் அந்த ஒளியைக் கடல் பக்கம் திருப்பும். புகை படிந்தால் ஆடி மங்கும். ஆகவே காலையில் விளக்கை அணைத்ததும் முதல் வேலை துடைப்பதுதான்.

குழியாடி ஒளியின் பெரும்பகுதியை வீணாக்குகிறது என்று கண்டவர் அகஸ்டின் ஃபிரெனல். அவருடைய வில்லை முதன்முதலில் பொருத்தப்பட்டது 1823இல், பிரான்சின் ஜிரோந்து ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் கோர்துவான் விளக்கத்தில். ஒரே பெரிய கண்ணாடியை வடிப்பதற்குப் பதிலாக நடுவில் ஒரு வில்லையும் சுற்றிலும் பட்டகக் கண்ணாடி வளையங்களும் வைத்தார். நாலாபுறமும் சிதறிய ஒளி ஒரே கற்றையாகக் கடலுக்குப் போயிற்று. பின்னாளில் டன் கணக்கில் எடையுள்ள வில்லைக் கூடுகளைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். விரலால் தள்ளினாலும் சுழலும். சுழற்றியது கடிகாரப் பொறி. கோபுரத்தின் நடுவே தொங்கும் எடை இறங்க இறங்கப் பொறி ஓடும். எடை அடியைத் தொடுமுன் விளக்குக்காரர் அதைச் சுற்றி மேலே ஏற்ற வேண்டும். மறந்தால் சுழற்சி நிற்கும், கடலில் இருப்பவர் வேறு விளக்கம் என்று எண்ணிவிடுவார். பகலிலும் ஓய்வில்லை. வில்லையைச் சுற்றித் திரை இழுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வெயில் அதன் வழியே உள்ளே குவிந்து விளக்கறையையே எரித்துவிடும்.

கோர்துவான் 1611இல் கட்டி முடிக்கப்பட்டது. 2021இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. விளக்கு தானாக இயங்கத் தொடங்கிய பிறகும் அங்கே ஆட்களைக் குடியிருக்க வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என்னைக் கவர்ந்தது. கல்லைப் போலவே காவலையும் பாரம்பரியமாக அவர்கள் கருதுகிறார்கள்.

மூன்றாவது விளக்கம் 1894இல் உயர் நீதிமன்றத்தின் நடுக்கோபுரத்திலேயே ஏறியது. நீதிமன்றம் தனியாக, விளக்கம் தனியாக என்று கட்டாமல் ஒரே கட்டடத்துக்கு இரண்டு பணி கொடுத்தது இந்த நகரம். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சுட்ட குண்டுகள் எண்ணெய்க் கிடங்குகளை எரித்தன. குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. 1977இல் மெரினா விளக்கம் வரும் வரை கோபுரத்து விளக்கு பணி செய்தது. புதியது கான்கிரீட், மின்சாரம், மின்தூக்கி என்று இன்னொரு காலத்தைச் சேர்ந்தது. பாதுகாப்புக் காரணத்தால் நெடுங்காலம் மூடியிருந்து 2013இல் மக்களுக்குத் திறந்தார்கள். மேலே போய் நகரத்தைப் பார்ப்பவர்கள் கூட்டம் குறையவில்லை. நல்லதே. ஆனால் மேலே ஏறும் குழந்தையிடம், இந்த விளக்கு பத்து நொடிக்கு இருமுறை மின்னும், அதை எண்ணித்தான் மாலுமி இது சென்னை என்று தெரிந்துகொள்கிறார் என்று யாராவது சொல்ல வேண்டாமா?

சென்னைக்கு வாய்த்த பேறு எல்லா ஊருக்கும் வாய்க்கவில்லை. கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் விளக்கம் ஒன்று நூற்றாண்டுகளைத் தாண்டி நின்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அதைச் சாய்த்துவிட்டது. அடிப்பகுதிதான் மிச்சம். அலையை யாராலும் தடுக்க முடியாது. அலை வருவதற்கு முன் அளந்து, வரைந்து, படமெடுத்து வைப்பது நம்மால் முடிகிற காரியம்.

1927ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. பாரம்பரிய விளக்கங்களை அடையாளம் கண்டு அறிவிக்க அதில் இடமுண்டு. அறிவிப்போடு புல்வெளியும் வண்ண விளக்குகளும் மட்டும் வந்து சேர்ந்தால் போதாது. கழற்றிய வில்லைகளும் கடிகாரப் பொறிகளும் பழைய இரும்பு விலைக்குப் போகக் கூடாது. பாதரசம் நஞ்சு என்பதால் அதை முறையாக வெளியேற்றிவிட்டு, ஒரு பொறியையாவது பள்ளிப் பிள்ளைகள் கையால் சுற்றிப் பார்க்கும்படி ஓடவைக்க வேண்டும். 1844ஆம் ஆண்டுத் தூணருகே ஆண்டில் சில நாள்களாவது பொதுமக்களை அனுமதிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்டுக்கொள்ளலாம். விளக்கு ஏற்றிய நேரம், அணைத்த நேரம், செலவான எண்ணெய், காற்று, மழை, கண்ட கப்பல் என்று இரவுதோறும் எழுதிய பதிவேடுகளை ஈரமும் கரையானும் தின்னுமுன் மின்படியெடுக்க வேண்டும். புயல்களைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கும் அவை உதவும்.

எல்லாவற்றையும் விட அவசரமானது ஒன்று உண்டு. மண்ணெண்ணெயை ஆவியாக்கி, பெட்ரோமாக்ஸ் போல மேன்டிலில் எரித்த விளக்குகளைக் கையாண்டவர்களில் சிலர் ஓய்வுபெற்று இன்னும் நம்மிடையே வாழலாம். கடலோர மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்கள் அவர்களைத் தேடிப்போய், அவர்கள் பேசும் தமிழிலேயே அந்த வேலையைப் பதிவுசெய்ய வேண்டும். இந்த மேடையை அமைத்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டு நிதியில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கும்படி, அதை நிறுவிய குடும்பத்தாரை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.