வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா?

(ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் குழந்தைகள் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



உங்களிடம் நல்ல செய்திகளையே சொல்லிப் பழகிவிட்டோம். இன்று எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல விரும்புகிறோம்.

மூன்று வயதுப் பெண் குழந்தை. லேசான காய்ச்சல், வாந்தி, விளையாட்டில் நாட்டமில்லை. காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டோம். பத்து நாள் கழித்துத் தாய் மறுபடியும் தூக்கி வந்தபோது குழந்தைக்கு வலிப்பு. ஒரு கண் மாறுகண்ணாகத் திரும்பியிருந்தது. அப்போதுதான் கேட்டோம்: "வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா?"

"அவ தாத்தாவுக்கு மூணு மாசமா இருமல்ங்க. ராத்திரி அவர்கிட்டதான் படுப்பா."

அது மூளைக் காசநோய். நுரையீரலில் புகுந்த கிருமி இரத்தத்தின் வழியே மூளையையும் அதன் உறையையும் அடைகிறது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கே ஆபத்து அதிகம். தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலவே தோன்றும்.

இதைக் கண்டறிவது எளிதல்ல. முதுகில் ஊசி போட்டு தண்டுவட நீரை எடுக்கிறோம். அதில் வெள்ளணுக்களும் புரதமும் கூடி, சர்க்கரை குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் கிருமி பெரும்பாலும் தென்படுவதில்லை. கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். 2013-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த நீருக்கும் பரிந்துரைத்த ஜீன் எக்ஸ்பர்ட் சோதனை சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை தருகிறது. ஆனால் அது 'இல்லை' என்று காட்டினாலும் நோயில்லை என்று விட்டுவிட முடியாது. ஆகவே குழந்தையின் நிலை, தலை ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே, வீட்டாரின் இருமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, உறுதியான முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குகிறோம்.

காத்திருக்க நேரமில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கணக்கின்படி, சிகிச்சை பெற்ற குழந்தைகளிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தனர். பிழைத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நரம்புக் குறைபாடு தங்கிவிட்டது.

அந்தக் குழந்தை பிழைத்தாள். ஓராண்டு மருந்து முடிந்தது. தாத்தாவும் சிகிச்சை பெற்றுத் தேறினார். ஆனால் அவளுடைய வலது கைக்கு இன்னும் முழு பலம் வரவில்லை.

இப்போது ஒவ்வொரு குழந்தையின் சீட்டிலும் முதல் வரியாக அந்தக் கேள்வியை எழுதியிருக்கிறோம். கருவிகளுக்கும் மருந்துக்கும் உங்கள் காணிக்கை உதவுகிறது. இந்தக் கேள்விக்குப் பணமே வேண்டாம். பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. ஊசி போடச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் இரண்டு வாரம் தாண்டியும் இருமுகிறவரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அவர் மடியில் தூங்கும் குழந்தையையும் கூட அழைத்து வரச் சொல்லுங்கள்.