பத்து வெள்ளித் தவணை



பொருளியல் மந்தம் என்பது விற்பனையும் வேலையும் ஒருசேரச் சரிய, கையில் பணமுள்ளவரும் அதை வெளியே எடுக்கத் தயங்கும் காலம். அப்போது தொழில் தொடங்குவோருக்கு முதல் கிடைப்பதைவிட வாங்குவோர் கிடைப்பதே அரிது. ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய, தொழிலாளரின் பங்குப் பணத்தில் தோட்டம் வாங்கும் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும் வாங்குவோர் அரிதான ஒரு நெருக்கடியிலேயே முளைத்தது.

மலாயா விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல தம் ரப்பர்த் தோட்டங்களை விற்று வெளியேற, அவற்றை மொத்தமாக வாங்கியோர் சிறு சிறு பகுதிகளாக்கி மறுபடி விற்றனர். தோட்டத் துண்டாடல் எனப்பட்ட இதனை, 1951 முதல் 1960 வரையிலான காலத்துக்கு, பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். லயத்து வீடு வேலையோடு பிணைந்திருந்தமையால், வேலை போனபோது பால்மரம் வெட்டியவரின் கூரையும் போயிற்று.

அத்தொழிலாளரிடமே சங்கத்தின் பங்கை விற்க முனைவது, உலை வைக்க அரிசியில்லாத வீட்டில் கைமாற்றுக் கேட்பதற்கு ஒப்பாகும். ஆயினும் 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகப் பத்துத் தவணையில் கட்டலாம் என்ற ஏற்பாடு எடுபட்டது. மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியில்லை என்று வாழ்ந்த குடும்பத்துக்கு அந்தப் பத்து வெள்ளியும் சிறு தொகையன்று. ஆனால் சீட்டுக் கட்டிப் பழகிய கைகளுக்குத் தவணை புதிதன்று. மந்த காலத்தில் விலையைக் குறைப்பதே வழி என்று எண்ணும் இன்றைய ஈப்போ வணிகர் இவ்விடத்தில் சற்று நிற்பது நல்லது: சங்கம் பங்கின் விலையில் கைவைக்காமல், கட்டும் முறையைச் சம்பள நாளோடு பொருத்தியது.

சந்தைப்படுத்தல், அதாவது பொருளை அதற்குரியவரிடம் கொண்டு சேர்த்து ஏற்கச் செய்தல், இங்கு நேரில் சென்றே நடந்தது எனலாம். அமைச்சராயிருந்த சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, தொழிலாளர் வெட்டும் மரமே அவர்களுக்குச் சொந்தமாகலாம் என்று எடுத்துரைத்தார். விளம்பரத்துக்கு இதனினும் எளிய வாசகம் வாய்த்தல் கடினம்.

ஆனால் அவ்வாசகம் எல்லார்க்கும் பலிக்கவில்லை. சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். பேராக்கில் தவணை கட்டியவரின் பணம் வடக்கே மரமாக நின்றது, அவர் உளி பிடித்த தோட்டமோ வேறொருவர் கைக்கு மாறக்கூடியதாகவே இருந்தது.