இடைகழியில் நின்ற இசை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘கலைஞனின் சுவையும் கொள்கையும் வாழ்க்கை நோக்கும்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தமிழாசிரியை பேசுகிறாள் என்றால் கபிலரையோ கம்பரையோ எடுத்துக்கொள்வாள் என நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பவர் ஒரு சாக்சபோன் கலைஞர். கருநாடக இசையின் மரபில் நின்று, ஜாஸ் கலைஞர்களோடு ஒரே மேடையில் தோளோடு தோள் நின்று வாசித்த கத்ரி கோபால்நாத்.

எதற்காக இவரைத் தேர்ந்தேன் என்பதற்கு ஓர் ஒப்புதல் வாக்குமூலம் தேவைப்படுகிறது. 1994இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘டூயட்’ திரைப்படம் வந்தபோது நான் பள்ளி மாணவி. ஏ. ஆர். ரகுமானின் இசையில் கோபால்நாத்தின் சாக்சபோன் தமிழ்நாட்டின் தெருவெங்கும் ஒலித்தது. அன்று அதை விரும்பிக் கேட்டேன். பின்னர் முனைவர் பட்டம் வந்தது. கூடவே சிறிது செருக்கும் வந்தது. ஒரு திருமண மண்டபத்தில் நாகசுரம் இருக்க வேண்டிய இடத்தில் சாக்சபோனைக் கண்டு, “நம் மங்கல இசைக்கு வந்த கேட்டைப் பாருங்கள்” என்று முகம் சுளித்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த முதிய நாகசுரக் கலைஞர் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “அம்மா, என்ன வாசிக்கிறாருன்னு முதல்ல கேளுங்க. எதுல வாசிக்கிறாருங்கறத அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். பிழைப்பில் பங்கு இழந்தவர் அவர். சினம் கொள்ளும் உரிமை அவருக்குத்தான் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார், நான் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று குனிந்த தலையோடுதான் இக்கலைஞரைப் பற்றி அறியத் தொடங்கினேன்.

கோபால்நாத் 1949இல் தென்கன்னட மாவட்டத்தில் பிறந்தவர். தந்தையார் நாகசுரக் கலைஞர். மகனும் முதலில் கையில் எடுத்தது நாகசுரமே. மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்சபோனைக் கேட்ட நாளில் அவ்விளைஞரின் மனம் அதன்பால் சென்றது. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர்ச் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார்.

அவர் மேற்கொண்ட பணியின் கடுமையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாகசுரத்தில் விரல் நேரே துளையைத் தொடுகிறது. துளையைக் கால் பங்கு மூடலாம், அரைப் பங்கு மூடலாம். சீவாளியில் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். கமகம் அங்கே இயல்பாகப் பிறக்கிறது. சாக்சபோனோ, பெல்ஜிய நாட்டு அடால்ஃப் சாக்ஸ் உருவாக்கி 1846இல் பாரிசில் காப்புரிமை பெற்ற கருவி. அதன் துளைகளை விரல் தொடுவதில்லை. விசைகளின் வழியே மூடிகள் திறக்கும், மூடும். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குப் படியேறலாம். வழுக்கிச் செல்வது கடினம். கமகம் இன்றேல் இராகம் இல்லை. ஆகவே கருவியில் தம் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்தார். எஞ்சியதை உதட்டாலும் மூச்சாலும் உழைத்துப் பெற்றார். அக்கருவி அவர் வசப்பட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின என்பர். இருபது ஆண்டுகள்! முதல் தொகுப்பு வந்த மறுமாதமே பரிசுக்கு விண்ணப்பிக்கும் நாம் அனைவரும் மனத்தில் கொள்ள வேண்டிய கணக்கு இது.

இனி அவருடைய சுவை. அயற்கருவியை ஏற்றவர், அதற்காக அயலிசைக்குத் தம்மைக் கொடுத்துவிடவில்லை. கீர்த்தனை, ஆலாபனை, கற்பனைச்சுரம் என்ற கச்சேரி மரபே அவருடைய வீடு. ‘டூயட்’ படத்துக்காக இராகம் இராகமாக வாசித்துப் பார்த்து, இறுதியில் கல்யாணவசந்தத்தில் பொருந்தி நின்ற செய்தி பலரும் அறிந்தது. திரையரங்கில் கைதட்டியவர்களுள் எத்தனை பேர் இராகத்தின் பெயரை அறிந்திருப்பர்? பெயர் அறியாமலே அதன் உருக்கத்தை அவர்கள் பெற்றுக்கொண்டனர். நல்ல கவிதையும் யாப்பின் பெயர் கேளாதவனைச் சென்றடைவதுதானே!

அவருடைய கொள்கையை அறிய 1980ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். பம்பாயில் ஜாஸ் விழா நடந்தது. ஜாஸ் என்பது அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்களின் துயரிலும் எழுச்சியிலும் பிறந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருப்பெற்ற இசை. பாடலின் உருவம் பொதுவாக நிற்க, கலைஞர் ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது அந்நொடியில் தோன்றுவதைப் படைத்து வாசிப்பர். நம் மனோதர்மத்துக்கு அது தூரத்து உறவு. அவ்விழாவில் கோபால்நாத்தின் வாசிப்பைக் கேட்ட அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஜான் ஹேண்டி, தாமும் உடன் வாசிக்கலாமா என்று கேட்டு மேடையேறினார். ஒரே கருவி, இருவேறு மொழி. கோபால்நாத் ஜாஸ் கலைஞராக வேடம் புனையவில்லை. ஹேண்டியைக் கருநாடக இசைக்காரராக மாற்ற முயலவும் இல்லை. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டார். கேட்டதற்கு விடையாகத் தம் மொழியில் வாசித்தார். அவையோர் அதனைக் கொண்டாடினர். பிராகு, பெர்லின் முதலிய நகரங்களின் ஜாஸ் விழாக்களிலும் பின்னாளில் அவர் வாசித்தார். 1994இல் இலண்டனில் பி.பி.சி.யின் புகழ்பெற்ற பிராமனேடு இசைவிழா மேடையும் அவருக்குக் கிடைத்தது.

தன்னுடையது எது என்பதில் தெளிவு உள்ளவனுக்கே பிறனைக் கேட்கும் துணிவு வருகிறது. அச்சம் உள்ளவன் காதைப் பொத்திக்கொள்கிறான். வயலின் மேதை கன்யாகுமரி அவர்களோடு அவர் வாசித்த கச்சேரிகளைக் கேட்டவர்கள், வயலின் அங்கே பின்தொடரும் நிழலாக இராமல் எதிர்நின்று உரையாடும் குரலாக விளங்கியதை அறிவார்கள். உரத்த கருவி கையில் இருந்தும் மெல்லிய கருவிக்கு இடம் விடுவது பண்பாடு.

வாழ்க்கை நோக்குக்கு ஒரு நிகழ்ச்சி போதும். அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பா என்ற இந்திய வம்சாவளி இளைஞர் ஜாஸ் சாக்சபோன் பயின்றுகொண்டிருந்தார். அவருடைய தமையனார் விளையாட்டாக, கேலியாக, இந்திய பாணிச் சாக்சபோன் ஒலிப்பதிவு ஒன்றைப் பரிசளித்தார். கேட்டவர் திகைத்துப்போனார். அது கோபால்நாத்தின் இசை. பல ஆண்டுகளுக்குப் பின் அவரே கோபால்நாத்தைத் தேடி வந்தார். இருவரும் இணைந்து, கன்யாகுமரி அவர்களின் வயலினும் பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் உடன் ஒலிக்க, 2008இல் ‘கின்ஸ்மென்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். ‘உறவினர்’ என்பது அப்பெயரின் பொருள். 2004இல் பத்மஸ்ரீ விருது பெற்ற மூத்தவர், தம் மகன் வயதொத்த ஜாஸ் இளைஞரோடு சமமாக நின்று வாசித்தார். 2019 அக்டோபர் 11ஆம் நாள் மங்களூரில் அவர் மறைந்தார்.

பெருமக்களே, இச்செய்தியைத் திருக்கோவலூரில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மழை பெய்த ஓர் இருளிரவில் இவ்வூரின் சிறிய இடைகழியில் ஒருவர் படுத்திருந்தார். இரண்டாமவர் வந்தார், இருவரும் அமர்ந்தனர். மூன்றாமவர் வந்தார்; மூவரும் நின்றனர். நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தபோது பாட்டுப் பிறந்தது. பொய்கையாழ்வார் ஒரு விளக்கேற்றினார், பூதத்தாழ்வார் மற்றொன்று ஏற்றினார், பேயாழ்வார் கண்டார். மூவரும் அந்தாதியாக நூறு நூறு வெண்பாப் பாடினர். முதல்வர், “இது நான் படுத்த இடம்” என்று கதவடைத்திருந்தால் அந்த விளக்குகள் எங்கே? எழுந்து அமர்ந்ததும், அமர்ந்தவர் எழுந்து நின்றதுமே அங்கு முதற்பாட்டு என்பேன். பெண்ணையாற்றுப் பாறையில் உயிர்நீத்ததாக நாம் போற்றும் கபிலரும், ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தவே குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பது வழிவழி வரும் செய்தி. அயலானுக்கு இடம் தந்த ஊர் இது. அயலானுக்குத் தமிழ் தந்த புலவரின் ஊர் இது.

நம் கவியரங்குகளை எண்ணிப் பார்க்கிறேன். பெயர் அழைக்கும் வரை வாசலில் நிற்கிறோம். பாடி முடித்ததும் பேருந்துக்கு நேரமாயிற்று என்று புறப்படுகிறோம். கடைசிக் கவிஞர் பாடும்போது எதிரில் இருப்பவர்கள் செயலாளரும், ஒலிபெருக்கிக்காரரும், சுருட்டக் காத்திருக்கும் சமுக்காளமும்தான். நானும் அவ்வாறு எழுந்து போனவள்தான். மரபுக்கவிதை பாடுவோர் புதுக்கவிதை வரும்போது வெளியே தேநீர் அருந்துகின்றனர். புதுக்கவிதையார் வெண்பா வரும்போது அருந்துகின்றனர். தேநீர்க்கடைக்கு மட்டும் இரு மரபும் ஒன்று! அந்தாதி என்பது யாப்பு மட்டுமன்று. ஒன்றன் முடிவை மற்றொன்று கையேற்பது அது. பிறர் விட்ட இடத்தைக் கேட்காதவர் எந்த இடத்திலிருந்து தொடங்குவார்?

ஆகவே பதினோராம் ஆண்டுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நம் அரங்கில் பாடும் ஒவ்வொருவரும் கடைசிக் கவிஞர் பாடி முடிக்கும் வரை அமர்ந்திருப்போம். முன்னவர் பாட்டிலிருந்து ஒரு சொல்லையேனும் எடுத்துத் தம் பாட்டைத் தொடங்குவோம். இன்று மாலைக் கவியரங்கிலேயே இதனைத் தொடங்கலாம். முதல் வரிசையில், கடைசி வரை, நான் அமர்ந்திருப்பேன்.