கைச்சாத்தும் நியாயமும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



“கைச்சாத்திட்டு விட்டோம், இனி யாது செய்வது?” என்று நம்மவர் பலர் மனமுடைந்து கூறக் கேட்டிருக்கின்றோம். சொன்ன சொல் தவறாமையைப் பெருமையாகக் கொண்ட நமக்கு இவ்வெண்ணம் இயல்பே. ஆயினும், ஒருவர் தம் விருப்பம்போல் அச்சிட்டு வைக்க, மற்றவர் ஓரெழுத்தும் மாற்றவியலாது ஒப்பமிடும் பத்திரத்தை இருவர் வாக்கு என்று கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

டில்லியை அடுத்த குர்கானில் ஒருவர் அடுக்குமாடி வீடு வேண்டி 2012-ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்துகொண்டார். தவணை தாழ்ந்தால் அவர் நூற்றுக்கு 18 வீதம் வட்டி தரல் வேண்டும். வீடு கட்டுவோர் தாமதித்தாலோ, சலுகைக் காலம் கழிந்தும் அவர் 12 மாதங்கள் பொறுத்திருந்து, 90 நாள் அறிவிப்புக் கொடுத்து, பணம் திரும்ப மேலும் 90 நாள் காத்திருத்தல் வேண்டும். அதன் பின்னும் பணம் வாராவிடிலே வட்டி. அதுவும் 9 வீதமே! இத்தகைய ஒருதலைப்பட்சமான ஷரத்துகள் அவரைக் கட்டுப்படுத்தா என்று 2019 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பணம் 10.7 வீத வட்டியுடன் திரும்பிற்று.

அத்தீர்ப்பு 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியானது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ “நியாயமற்ற ஒப்பந்தம்” இன்னதென்றே வரையறுக்கின்றது. மிகையான முன்பணம் கேட்டல், நஷ்டத்திற்குப் பொருந்தாத அபராதம், தக்க காரணமின்றி ஒரு சாரார் மட்டும் ஒப்பந்தத்தை முறித்தல் ஆகியவை அதில் அடங்கும். இத்தகைய ஷரத்தைச் செல்லாததென்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்திற்கும் தேசிய ஆணையத்திற்கும் உண்டு. மாவட்ட ஆணையத்திற்கு அதனை அளித்திலர். எளியோர்க்கு இது தொலைவே என்பது எமது குறை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாள் முதல் 2 ஆண்டுகளுக்குள் முறையிடல் வேண்டும். வக்கீல் வைத்தே தீரவேண்டுமென்பதில்லை. விலை அதிகமென்று பின்னர் வருந்துவோர்க்கு மட்டும் இச்சட்டம் துணை வாராது.

நம்மவருள் கடை வைத்திருப்போர் இங்குப் பலர் உளர். அவர்கள் சினங்கொள்ளாதிருப்பாராக. “விற்ற சரக்கு வாபஸ் இல்லை” என்று நம் ரசீதிலும் அச்சிட்டிருக்கின்றோம் அன்றோ? பழுதுற்ற சரக்கை, ரசீதில் கண்ட காலத்திற்குள்ளோ, காலம் குறியாவிடில் 30 நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற மறுத்தல் நேர்மையற்ற வாணிக முறை என்று அதே சட்டம் கூறுகின்றது. அவ்வரியை நீக்கி அடுத்த ரசீதுப் புத்தகத்தை அச்சிடுமாறு அவர்களை வேண்டுகின்றோம்.